புவனாவின் பொய்த் தபாலாபீஸ்

சரவணம்பட்டியில் சாப்ட்வேர் கம்பெனி என்றதும் கண்ணாடி மாளிகையையும் தானாகத் திறக்கும் கதவையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். புவனா வேலை பார்க்கும் கம்பெனிக்குக் கீழே ஒரு பேக்கரி. பேக்கரிக்குப் பக்கத்தில் இருட்டாக ஒரு படிக்கட்டு. ஏறிப் போனால் கம்பெனி. தேங்காய் பன் வெந்து இறங்குகிற நேரத்தில் அங்கே ஒருவருக்கும் வேலை ஓடாது.

புவனா அங்கே டெஸ்டர். மற்றவர்கள் எழுதும் சாப்ட்வேரில் குற்றம் கண்டுபிடிப்பதுதான் உத்தியோகம். இப்படி ஒரு உத்தியோகம் இருப்பதே தன் மனைவிக்காகத்தான் என்று கணபதிப் பகுதியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கும் அவள் கணவர் கிருபாசங்கர் சொல்வார். சொல்லிவிட்டுச் சுற்றுமுற்றும் பார்ப்பார். ஆர்.எஸ்.புரத்தில் ரவிக்கை தைக்கும் தையல்காரரின் மகள் அவள். ஒரு தையல் பிசகினாலும் முழுதாகப் பிரித்துவிட்டு மறுபடி தைக்கிற வீட்டில் வளர்ந்தவள். புதிதாக வாங்கிய குக்கரில் விசில் ஒருபக்கமாகச் சாய்கிறது என்று திரும்பத் திரும்பக் கடைக்குப் போய் நின்றதில், கடைக்காரர் அவள் தலையைக் கண்டாலே குடோனுக்குள் போய்விடுவார். பிடித்தால் விடமாட்டாள். அது அவளுடைய நல்ல குணமா கெட்ட குணமா என்பது, பிடிபட்டவரைப் பொறுத்தது.

இத்தனை பிடிவாதக்காரி ஒருநாள் யோசிக்காமல் ஒரு சொல் சொன்னாள். அந்த ஒரு சொல்லில் ஒரு மனிதர் பொய்யராகிப் போனார்.

அவர்கள் கம்பெனியின் சாப்ட்வேரைப் பல்லடம் பக்கம் ஒரு கோழிக் கம்பெனி வாங்கியிருந்தது. கோழிக் கம்பெனி குஞ்சும் தீனியும் கொடுக்கும். பண்ணைக்காரர்கள் ஷெட்டில் வளர்த்துக் கொடுப்பார்கள். வளர்ந்ததும் பிடித்துப்போக லாரி வரும். லாரி எப்போது வருகிறது என்று பண்ணைக்காரருக்கு மெயில் அனுப்புவது சாப்ட்வேரின் வேலை. மெயில் வந்ததும் பண்ணைக்காரர் தீனித் தட்டுகளை மேலே தூக்கிக் கட்டிவிட வேண்டும். கோழி வெறும் வயிற்றோடுதான் லாரி ஏற வேண்டும். வயிறு நிறையத் தின்றுவிட்டு ஏறினால் எடை கூடும், அறுக்கும் இடத்தில் கறியும் கெடும். அப்படி ஏற்றுகிறவரை எடைக்காகத் திருட்டுத்தனம் பண்ணுகிறவர் என்றுதான் கோழிக் கம்பெனியில் சொல்வார்கள்.

அந்தக் கம்பெனியின் மேனேஜர் செங்கோடன் ஒருநாள் போன் செய்தார்.

"ஏனுங்க அம்மணி, கோவிந்தராஜுலுன்னு ஒரு பண்ணைக்காரருங்க. லாரி வருதுன்னு அவருக்கு மெயில் போச்சுங்களா, இல்லீங்களா?"

புவனா திரையைப் பார்த்தாள். அந்த மெயிலுக்கு நேரே பச்சை டிக். எப்பேர்ப்பட்ட பச்சை! தளிர் வாழையிலை மாதிரி பளபளவென்று.

"போயிருக்குங்க சார்," என்றாள்.

அவ்வளவுதான். போனை வைத்துவிட்டு பன் தின்னப் போய்விட்டாள்.

சில நாள் கழித்து அந்த இருட்டுப் படிக்கட்டில் ஒருவர் ஏறி வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் மெல்லிய கோடாக நாமம். செருப்பைப் படிக்கட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

"புவனாங்கறது யாருங்க?"

"நான்தானுங்க. உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. "நான் கோவிந்தராஜுலுங்க. லாரி மெயில் எனக்கு வரலீங்க அம்மணி. வந்துச்சுன்னு நீங்க சொல்லிப்போட்டீங்களாமா. தீனி போட்டு எடை ஏத்திட்டேன்னு கம்பெனியில பேசறாங்க. வெள்ளிக்கெழமை எங்க பக்கம் குஞ்சு எறக்கறாங்க. எனக்கு மட்டும் இல்லைன்னுட்டாங்க. அதுகூடப் பரவாயில்லீங்க. ஊட்டுல பங்காரம்மாளே, 'பாத்துப்போட்டு மறந்திருப்பீங்க'ங்கறா. அதைத்தானுங்க தாங்க முடியல."

செல்போனை எடுத்து நீட்டினார். புவனா வாங்கிப் பார்த்தாள். லாரி மெயில் இல்லை. பொங்கல் வாழ்த்து, ஆடிப்பெருக்கு வாழ்த்து, ஆயுத பூஜை வாழ்த்து, தீனி மூட்டை விளம்பரம் என்று கோழிக் கம்பெனி அனுப்பிய படங்கள்தான் வரிசையாக நின்றன. பல வருடத்துச் சரக்கு.

"இதையெல்லாம் அழிக்கறதில்லீங்களா?"

"மரியாதைக்கு அனுப்பியிருக்காங்க. அழிச்சா நல்லா இருக்குமுங்களா?" என்றார் அவர்.

கொடுத்த டீயை மிச்சம் வைக்காமல் குடித்தார். "வேலை நேரத்துல வந்து தொந்தரவு பண்ணிப்போட்டேன், கோவிச்சுக்காதீங்க," என்று கும்பிட்டுவிட்டுப் படியிறங்கினார். மனிதர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் புவனாவும் பதிலுக்குத் திட்டிவிட்டு மறந்திருப்பாள். அந்தக் கும்பிடு அவளை வாட்டி எடுத்துவிட்டது.

கம்பெனியை நடத்தும் மதன்குமார் அவளைவிட இளையவன். அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவான். நல்ல பையன், ஆனால் தான் எழுதிய புரோகிராமைப் பெற்ற பிள்ளை மாதிரி தூக்கிக் கொஞ்சுவான்.

"வந்த மெயிலை அவரே அழிச்சிருப்பாருங்க்கா," என்றான்.

"ஆடிப்பெருக்கு வாழ்த்தைக்கூட அழிக்காத மனுசன், லாரி மெயிலை மட்டும் தேடி அழிப்பாரா மதன்?"

"பச்சை டிக் விழுந்திருக்குதுல்லங்க்கா?"

"அந்த டிக்கை நம்பித்தான் நானும் வாயை உட்டேன். அது எப்படி விழுகுதுன்னு நான் இப்பப் பாக்கோணும்."

"எப்படிப் பாப்பீங்க? டெஸ்ட் மெயில் அனுப்பக் கூடாதுன்னு நம்ம சொன்னது மறந்துபோச்சுங்களா?"

மறக்கவில்லை. முன்பொருமுறை யாரோ சோதனைக்கு அனுப்பிய மெயில் தவறிப்போய் உண்மையான பண்ணைக்காரர் ஒருவருக்கே போய்விட்டது. வராத லாரிக்காக அவர் பட்டப்பகலில் தீனித் தட்டைத் தூக்கிக் கட்டிவிட்டார். பாவம், கோழிகள் அன்று முழுக்கக் கத்திக்கொண்டு கிடந்தன. அதோடு சோதனை மெயிலுக்குத் தடை வந்தது. பண்ணைக்காரர்களின் மெயில் பெட்டிகள் இருக்கும் கோழிக் கம்பெனியின் மெயில் சர்வரிலும் கை வைக்க முடியாது. அப்படியென்றால் சோதிக்க ஒரே வழிதான் இருந்தது. மெயிலை வாங்கிக்கொள்ளும், ஆனால் யாருக்கும் கொண்டுபோய்க் கொடுக்காத ஒரு பொய்த் தபாலாபீஸைத் தன் கம்ப்யூட்டருக்குள்ளேயே கட்ட வேண்டும்.

"ரெண்டு பில் சாப்ட்வேர் டெஸ்டிங்குக்கு நிக்குதுங்க்கா," என்று மதன் முனகினான்.

"அது சாயங்காலம் முடிஞ்சிரும். இதை நான் சாப்பாட்டு நேரத்துல பண்ணிக்கறேன். வெள்ளிக்கெழமைக்குள்ள எனக்குத் தெரிஞ்சாகோணும்," என்றாள் புவனா. அந்தக் குரலைக் கேட்டிருந்தால் கிருபாசங்கர் பேசாமல் கடைக்குக் கிளம்பியிருப்பார். மதனுக்கு அனுபவம் பத்தாது. இன்னும் கொஞ்சம் வாதாடிப் பார்த்துவிட்டுத்தான் அடங்கினான்.

மெயில் அனுப்பும் சாப்ட்வேரும் மெயில் வாங்கும் சர்வரும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். அதற்கு ஒரு முறை உண்டு, கிட்டத்தட்ட நம் ஊர் மரியாதை போல. அனுப்புகிறவர் தன் பெயரைச் சொல்லி வணக்கம் சொல்வார். 'சரி' என்று பதில் வரும். யாரிடமிருந்து வருகிறது என்பார். 'சரி.' யாருக்கு என்பார். 'சரி.' பிறகு விஷயம் முழுவதையும் சொல்லிவிட்டு, முடிந்தது என்பதற்கு அடையாளமாகத் தனி வரியில் ஒரே ஒரு புள்ளி வைப்பார். அதற்கும் 'சரி' வந்துவிட்டால் மெயில் சேர்ந்ததாகக் கணக்கு. இந்தப் பேச்சைப் பேசத் தெரிந்த ஒரு சின்ன புரோகிராமை எழுதிவிட்டால் போதும், அதுதான் பொய்த் தபாலாபீஸ்.

சொல்வது சுலபம். டிபன் பாக்ஸை ஒரு கையிலும் கீபோர்டை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு எழுதினாள். ஓட விட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. சாப்ட்வேர் சும்மா நின்றது, சர்வரும் சும்மா நின்றது. தயிர்சாதம் காய்ந்து போகிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள். வந்தவரை வாசலில் நின்று முதலில் வரவேற்க வேண்டியது சர்வர்தான் என்பது அப்புறம்தான் உறைத்தது. வரவேற்காத வீட்டுக்குள் எந்த மானஸ்தன் நுழைவான்? அந்த ஒரு வரியைச் சேர்த்ததும் இரண்டும் மளமளவென்று பேசிக்கொண்டன. கோவிந்தராஜுலுவின் பெயருக்குப் போன மெயில் அவள் கம்ப்யூட்டரிலேயே ஒரு ஃபோல்டரில் வந்து விழுந்தது. வெளியே ஒரு எழுத்துக்கூடப் போகவில்லை. எந்தக் கோழியும் பட்டினி கிடக்கவில்லை.

திரையில் பச்சை டிக்.

"பாத்தீங்களாங்க்கா? போன மெயிலுக்குத்தான் பச்சை விழுகுது," என்றான் மதன்.

புவனாவுக்கு எரிச்சலாக வந்தது. எதைச் சொன்னாலும் 'சரி' என்கிற சர்வரிடம் குற்றம் எப்படித் தெரியும்? அவள் சர்வர் இந்த ஊர் மாப்பிள்ளை போலப் பிறந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் ஆகட்டுமுங்க, ஆகட்டுமுங்க. அதற்கு 'முடியாது' என்று சொல்லக் கற்றுக்கொடுத்தாக வேண்டும்.

மறுநாள் கற்றுக்கொடுத்தாள். இப்படி ஒரு ஆள் இங்கே இல்லை, இப்போது முடியாது அப்புறம் வா, பெட்டியில் இடமில்லை. சர்வர் வாய்கூசாமல் ஒவ்வொன்றாகச் சொன்னது. இப்போது பார் என்று மெயிலை அனுப்பினாள்.

திரையில் சிவப்பு. ஒவ்வொரு தடவையும் சரியாகச் சிவப்பு.

"பாத்தீங்களா!" மதனுக்குப் பெருமை தாங்கவில்லை. "போனா பச்சை, போகலைன்னா சிவப்பு. நம்ம சாப்ட்வேர் தங்கமுங்க்கா. இதோட உட்டுருங்க."

விட்டுவிடலாம்தான். இரண்டு விதமாகச் சோதித்தாகிவிட்டது, இரண்டிலும் சாப்ட்வேர் சுத்தம். அப்படியானால் கோவிந்தராஜுலுதான் பொய் சொன்னாரா? வீட்டுக்குப் போகும் வழியில் சத்தி ரோட்டு நெரிசலில் ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டு அதையே நினைத்தாள். அந்தக் கும்பிடு நினைவுக்கு வந்தது. இல்லை, அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. தனக்குத்தான் கேட்கத் தெரியவில்லை. பின்னால் நின்றவர் ஹாரன் அடித்துத் திட்டிய பிறகுதான் சிக்னல் விழுந்ததே தெரிந்தது.

வீட்டுக்கு வந்தால் அங்கே வேறு ரகளை. மாமியார் சாந்தாமணி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னாச்சுங்க அத்தை?"

"என்ன ஆகோணும்? சூலூர்க்காரங்க கல்யாணத்துக்குச் சொல்ல வந்துபோட்டுப் போயிருக்காங்க. கீழ ஊட்டுல பெரியவர்கிட்டப் பத்திரிகையைக் குடுத்துட்டு அப்படியே திரும்பிப் போயிட்டாங்களாமா. மேல ஏறி வரலை."

கீழ் வீட்டில் இருப்பவர் புவனாவின் மாமனாருடைய அண்ணன். சாந்தாமணிக்கும் அவர்களுக்கும் நல்ல ஒட்டுதான். ஆனால் இது வேறு விஷயம்.

கிருபாசங்கர் சமாதானம் பேசினார். "ஒரே வாசல்தானம்மா? பெரியப்பாகிட்டச் சொன்னா நமக்குச் சொன்ன மாதிரிதான்."

"அதெப்படிடா ஆகும்?" சாந்தாமணி கொதித்துப் போனார். "அண்ணனுக்குச் சொன்னா தம்பிக்குச் சொன்னதா ஆயிருமா? அவுங்க ஊட்டுக்குப் போய்க் கேட்டுப்பாரு, 'எல்லாத்துக்கும் சொல்லியாச்சு'ன்னுதான் சொல்லுவாங்க. எனக்குச் சொல்லலையே! எனக்கு வந்து சொல்லோணும், எனக்கு!"

புவனா கையில் வைத்திருந்த சாவியைக் கீழே போட்டுவிட்டாள்.

லாரி மெயில் பண்ணைக்காரருக்கு மட்டும் போவதில்லை. அந்தப் பகுதி சூப்பர்வைசருக்கும் சேர்த்து, ஒரே மெயிலாகத்தான் போகும். அவளோ ஒரே ஒரு பெயரை வைத்துத்தான் இத்தனை நாளாகச் சோதித்துக்கொண்டிருந்தாள். அண்ணனுக்குச் 'சரி' சொல்லி, தம்பிக்கு 'முடியாது' சொன்னால்?

"அத்தை, நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரிங்க. கல்யாணத்துக்குப் போகவே வேண்டாமுங்க," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். மருமகள் இப்படிக் கட்சி கட்டியதில் சாந்தாமணிக்கே திகைப்பு. கல்யாணத்துக்குப் போகாமல் எப்படி இருப்பது என்று அப்புறம் அவர்தான் கவலைப்பட ஆரம்பித்தார்.

காலையில் முதல் ஆளாக ஆபீஸ் போனாள். சர்வரை உட்கார வைத்துப் பாடம் சொன்னாள். சூப்பர்வைசர் பெயர் வந்தால் 'சரி' சொல். கோவிந்தராஜுலு பெயர் வந்தால் 'பெட்டியில் இடமில்லை' சொல். மெயிலை அனுப்பினாள்.

சர்வர் சொன்னபடியே சொன்னது. சூப்பர்வைசரின் மெயில் ஃபோல்டரில் விழுந்தது. கோவிந்தராஜுலுவின் மெயில் விழவில்லை.

திரையில் பச்சை டிக். அதே தளிர் வாழையிலைப் பச்சை.

"அடப்பாவி!" என்று கத்தியேவிட்டாள். கீழே பேக்கரியில் இருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார்.

மதன் வந்ததும் நாற்காலியில் உட்கார வைத்துக் காட்டினாள். அவன் மறுபடி அனுப்பச் சொன்னான். மறுபடியும் பச்சை. தானே அனுப்பிப் பார்த்தான். பச்சை. தான் எழுதியதைத் திறந்து பார்த்தான். யாராவது ஒருவருக்குப் போய்ச் சேர்ந்தாலே போனதாக வைத்துக்கொள் என்று அவன் கையால் எழுதிய வரி அங்கே இருந்தது.

"சூப்பர்வைசருக்குப் போனா அவரு பண்ணைக்காரருக்குச் சொல்லிருவாருன்னு நெனச்சேனுங்க்கா," என்றான் தலையைச் சொறிந்துகொண்டு.

"சூப்பர்வைசரு, பண்ணைக்காரருக்குத்தான் தனியா மெயில் போயிருக்குமேன்னு நெனச்சிருப்பாரு. பச்சை டிக்கைப் பார்த்து நான் போயிருக்குன்னேன். எல்லாருமாச் சேர்ந்து ஒரு மனுசனைப் பொய்யன் ஆக்கிப்போட்டோம்."

மதன் அன்று மத்தியானத்துக்குள் சரிசெய்துவிட்டான். ஒவ்வொரு பெயருக்கும் நேரே தனித்தனிக் குறி. செய்துவிட்டு மெதுவாகச் சொன்னான்: "அடுத்த அப்டேட்டோட சத்தமில்லாமப் போட்டுறலாமுங்க்கா. நாமளே போய் தப்புன்னு சொன்னா கான்ட்ராக்ட்டே போயிரும்."

அவன் பயமும் நியாயம்தான். கம்பெனிக்கு இருந்ததிலேயே பெரிய வாடிக்கை அதுதான். அது போனால் புவனாவின் நாற்காலிதான் முதலில் காலியாகும். அது அவளுக்கும் தெரியும்.

"மெயில் போயிருக்குன்னு நான் சத்தமாத்தான் சொன்னேன் மதன். போகலைன்னும் சத்தமாத்தான் சொல்லோணும். நீங்க வந்தா வாங்க. வரலைன்னா பல்லடம் பஸ் எனக்குத் தெரியும்."

மதன் கார் சாவியை எடுத்தான். வழிநெடுகப் புலம்பினான், ஆனால் வந்தான். அதைச் சொல்லாமல் விடக் கூடாது.

பல்லடத்தில் கோழிக் கம்பெனி ஆபீசுக்குக் கோவிந்தராஜுலுவையும் புவனா வரச் சொல்லியிருந்தாள். அவர் மூலையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். செங்கோடன் ஏசியைக் கூட்டி வைத்துவிட்டு, சொல்லுங்க என்றார். புவனா சுற்றி வளைக்கவில்லை.

"மெயில் போயிருக்குன்னு அன்னைக்கு நான் சொன்னது தப்புங்க சார். எங்க சாப்ட்வேர்ல குறை. இவருக்குப் போகலீங்க."

லேப்டாப்பைத் திறந்து பொய்த் தபாலாபீஸை ஓடவிட்டாள். பழைய சாப்ட்வேரில் அனுப்பிக் காட்டினாள். ஒருவருக்குப் போகாமலே பச்சை விழுந்தது. செங்கோடன் பார்த்தார். லேசில் மசிகிற ஆளா அவர்?

"இதை நீங்களே கட்டியிருக்கீங்க அம்மணி. நீங்க சொல்லிக்குடுத்ததைத்தான இது சொல்லும்? இவரு பெட்டியில இடமில்லைன்னு உங்களுக்கு ஆரு சொன்னது?"

"யாரும் சொல்லலீங்க. உங்க சர்வரைப் பாத்துக்கறவருக்கே போன் போட்டுக் கேளுங்க சார். இப்பவே, ஸ்பீக்கர்ல."

மதன் கண்ணை மூடிக்கொண்டான். செங்கோடன் போன் போட்டார். அந்தப் பக்கம் இருந்தவர் கொஞ்ச நேரம் தேடிவிட்டுச் சொன்னார்: "கோவிந்தராஜுலுங்களா சார்? அவரு பெட்டி அந்த லாரி மெயிலுக்கு முன்னாலருந்தே நெறைஞ்சு கெடக்குதுங்க. எல்லாம் நம்ம அனுப்பிச்ச வாழ்த்துப் படமுங்க. மனுசன் ஒண்ணைக்கூட அழிக்கல போலிருக்குதுங்க."

செங்கோடன் போனை வைத்துவிட்டு மேசையைப் பார்த்தார். அந்த வாழ்த்துப் படம் ஒவ்வொன்றிலும் கை கூப்பிக்கொண்டு நிற்பவர் அவர்தான்.

"வெள்ளிக்கெழமை உங்க ஷெட்டுக்கும் குஞ்சு எறக்கிருவோமுங்க," என்றார் எழுந்து நின்று. "தப்பா நெனச்சுப்போட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க."

கோவிந்தராஜுலு தலையை அசைத்தார். அவர் கண் லேப்டாப் மேலேயே இருந்தது. புவனா அதை அவர் பக்கம் திருப்பி, புது சாப்ட்வேரில் அதே மெயிலை இன்னொருமுறை அனுப்பினாள். சூப்பர்வைசர் பெயருக்கு நேரே பச்சை விழுந்தது. கோவிந்தராஜுலு என்ற பெயருக்கு நேரே ஒரு சிவப்புப் பெருக்கல் குறி வந்து நின்றது.

"சிவப்புன்னா என்னங்க அம்மணி?"

"உங்களுக்கு மெயில் வரலைன்னு அர்த்தமுங்க."

அவர் மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு கிட்டே வந்தார். தன் பெயரை ஒருமுறை படித்தார். அந்தச் சிவப்பை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இதைத்தானுங்க நானும் சொன்னேன்," என்றார்.

புவனாவுக்கு அழுகை வந்துவிட்டது. துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு லேப்டாப்பை மூடப் போனாள்.

"மூடிராதீங்க அம்மணி. சித்தெ அப்படியே இருக்கட்டுமுங்க." கோவிந்தராஜுலு அவசரமாகச் சட்டைப் பையில் செல்போனைத் தேடினார். "ஒரு போட்டோ எடுத்துக்கறேன். என்ற ஊட்டுல பங்காரம்மாளுக்குக் காட்டோணும்."